பைலோனிடல் சைனஸ்: தமிழில் மயிர்க்கூட்டுப் புரை

சைனஸ் என்றால் நமக்கு மூக்குத்தான் நினைவுக்கு வரும். தலைபாரம், மூக்கடைப்பு, ஆவி பிடித்தல். பதினைந்து வயதுப் பையனின் வால் எலும்புக்கு மேலே, பிட்டப் பிளவில் இருக்கும் புண்ணைப் பார்த்து மருத்துவர் ‘பைலோனிடல் சைனஸ்’ என்று எழுதினால் பெற்றோர் குழம்பாமல் என்ன செய்வார்கள்? உட்கார்ந்தால் வலி, உள்ளாடையில் சீழ்க்கறை. வெளியே சொல்லக் கூசிப் பையன் பல நாள் மறைத்திருப்பான். நோயின் பெயராவது அவனுக்குப் புரிய வேண்டும்.

இலத்தீனில் ‘பைலஸ்’ என்றால் மயிர், ‘நைடஸ்’ என்றால் கூடு. ‘சைனஸ்’ முதலில் வளைவையும் மடிப்பையும் குறித்து, பிறகு உடலின் உட்குழிவுக்கும் பெயரானது. மயிரையும் கூட்டையும் சேர்த்து 1880இல் இந்த நோய்க்குப் பெயரிட்டவர் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்ற அமெரிக்க மருத்துவர்.

நெடுங்காலம் இதைப் பிறவிக் கோளாறு என்றே பலர் நம்பினார்கள். முடிதிருத்துவோரின் விரலிடுக்கிலும் இதே புரை வருவது அந்த நம்பிக்கையை அசைத்தது. விரலிடுக்கில் மயிர் முளைப்பதில்லை. வாடிக்கையாளரின் வெட்டுமயிர்தான் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. பிட்டப் பிளவிலும் உதிர்ந்த மயிர் வியர்வையாலும் உராய்வாலும் உள்ளே இறங்குகிறது. பருவ வயதில் மயிர் தடித்து வளரத் தொடங்குவதால் நோயும் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டுகிறது. கூடு என்ற சொல் எவ்வளவு பொருத்தம்! அறுவையின்போது இடுக்கியால் இழுத்தால் மயிர் கற்றையாகவே வெளிவருவதுண்டு.

தமிழில் சிலர் ‘கட்டி’ என்கிறார்கள். சீழ் கோத்து வீங்கும் வேளைக்கு அது பொருந்தும். ஆனால் கட்டியைக் கீறிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணத்தையும் அது கூடவே தருகிறது. சீழ் வடிந்தாலும் கூடு உள்ளே இருக்கும். ‘பவுத்திரம்’ ஆசனவாயோடு தொடர்புள்ள வேறு நோய். ‘புரை’தான் சரி. உள்ளே துளைபட்டுப் போன புண்ணைப் ‘புரையோடிய புண்’ என்று இன்றும் சொல்கிறோம். ‘மயிர்’ சிலருக்கு நெருடலாம், வசையாக்கியது நாம்தான். ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்ற குறளில் அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆகவே என் தேர்வு, மயிர்க்கூட்டுப் புரை.

அறுவைச் சிகிச்சையும் இந்தப் பெயரின் வழியே செல்கிறது. நோய் சிறிதாக இருந்தால் தோலின் நுண்குழிகளை மட்டும் சிறு வட்டமாக வெட்டியெடுத்து, மயிரை அகற்றி, உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். பள்ளிக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டிய வளரிளம் பருவத்தினருக்கு இது பெரிய ஆறுதல். அகலமாக வெட்டித் திறந்தே விட்டால் புண் ஆற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பிளவின் நடுக்கோட்டிலேயே தைத்தால் தையல் பிரியவும் நோய் திரும்பவும் வாய்ப்பு அதிகம். ஆகவே பரவிய நோயில், கிரேக்க மருத்துவர் காரிடாகிஸ் காட்டிய வழியில் பக்கத்துத் தோலை மடலாகப் பெயர்த்து நகர்த்தித் தையலை ஒரு பக்கமாக ஒதுக்குகிறார்கள். பிளவின் ஆழமும் குறைகிறது. புண் ஆறியபின் அங்கே வளரும் மயிரை மழித்தோ லேசரால் குறைத்தோ வரச் சொல்வதும், கூடு மறுபடி கட்டப்படாமல் இருக்கத்தான்.