வலுவான பீருக்கு மென்மையான ஸ்டார்ட்டர்

பிரிட்டனில் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் அது சட்டப்படி குற்றம். ஆகவே, அனுமதியுள்ள நாடுகளில் வாழ்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பார்லி வைன், இம்பீரியல் ஸ்டவுட் போன்ற வலுவான பீர் வகைகளில் நொதித்தல் பாதியில் நின்றுபோனதாக எங்கள் ஆய்வகத்துக்கு வருபவர்களிடம் முதலில் ஈஸ்ட்டின் அளவைத்தான் கேட்பேன். பெரும்பாலும் ஒரே ஒரு பொட்டலம் திரவ ஈஸ்ட்தான் போட்டிருப்பார்கள். 20 லிட்டர் ஏல் வகை பீர், ஆரம்ப அடர்த்தி (நொதிக்கும் முன் நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.090 என்றால் ஏறத்தாழ 32,000 கோடி செல்கள் வேண்டும். புதிய பொட்டலத்தில் பொதுவாக 10,000 கோடிதான் இருக்கும்; நாளாக ஆக அதுவும் குறையும். இந்தக் குறையை நிரப்ப, மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கரைசலில் ஈஸ்ட்டை முன்கூட்டியே சிறிய அளவில் பெருக்கிக்கொள்வதுதான் ஸ்டார்ட்டர்.

பற்றாக்குறையோடு தொடங்கும் ஈஸ்ட் நாக்கைச் சுடும் கனமான ஆல்கஹால்களை அதிகம் உண்டாக்கும். சர்க்கரை மிச்சமிருக்கும்போதே சோர்ந்தும் போகும். குமிழி நின்றுவிட்டதே என்று அந்த நிலையில் பாட்டிலில் அடைத்தால், உள்ளே நொதித்தல் மறுபடி கிளம்பி அழுத்தம் ஏறும். கண்ணாடி வெடித்துக் கையையும் கண்ணையும் கிழிக்கும். சில நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தியை அளக்கும் கருவி) ஒரே அளவைக் காட்டுவது மட்டும் போதாது. அந்த அளவு எதிர்பார்த்த இறுதி அடர்த்தியை ஒட்டியும் இருக்க வேண்டும்.

‘வலுவான பீருக்கு ஈஸ்ட்டைப் பழக்க, ஸ்டார்ட்டரும் அடர்த்தியாக இருக்க வேண்டும்’ என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அடர்ந்த கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தமும் (செல்லிலிருந்து நீரை வெளியே இழுக்கும் அழுத்தம்) கூடுதல் ஆல்கஹாலும் ஈஸ்ட்டை வாட்டவே செய்யும். ஸ்டார்ட்டரின் வேலை ஆரோக்கியமான செல்களைப் பெருக்குவது. ஒரு லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் சாறு போதும், அடர்த்தி 1.040-ஐ ஒட்டி வரும். வெள்ளைச் சர்க்கரை வேண்டாம். அதில் நைட்ரஜன் சத்து இல்லை. மால்ட்டின் முக்கியச் சர்க்கரையான மால்டோஸைச் செரிக்கும் திறனையும் ஈஸ்ட் தளரவிடும்.

இந்தக் கரைசலைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, 20 முதல் 24 டிகிரிக்கு ஆறவிட்டு, கிருமிநீக்கம் செய்த குடுவையில் ஈஸ்ட்டைச் சேருங்கள். இரண்டு லிட்டரைக் காந்தக் கலக்கியில் ஓடவிட்டால், புதிய பொட்டலம் ஒன்றே தேவையான எண்ணிக்கையை நெருங்கிவிடும். கலக்கி இல்லாதவர்கள் இரண்டு பொட்டலங்களில் தொடங்கலாம். மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வேண்டும். ஒன்றிரண்டு நாளில் பெருக்கம் முடிந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துத் தெளியவிட்டு, மேல் நீரை வடித்து, அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலை மட்டும் பீர்த் தொட்டியில் சேருங்கள். பெரிய தொட்டியின் மால்ட் கரைசலுக்கும் ஆறிய பிறகு ஆக்சிஜன் ஏற்ற வேண்டும். செல் சவ்வுக்கான ஸ்டெரால்களை ஈஸ்ட் அதைக்கொண்டுதான் உருவாக்குகிறது. உலர் ஈஸ்ட் வாங்குபவர்களுக்கு ஸ்டார்ட்டரே வேண்டாம், பொட்டலங்களைக் கூட்டினால் போதும்.

எனக்கு மிகுந்த கவலை தரும் பழக்கம் வேறொன்று. அடுத்த முறைக்கு உதவும் என்று, கொதிக்கவைத்த மால்ட் கரைசலைப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கிறார்கள். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. அமிலம் குறைந்த, காற்றில்லாத அந்தப் புட்டி அவை முளைக்க ஏற்ற இடம். கெட்ட வாடையே இல்லாமலும் உயிர்கொல்லி நச்சு அதில் இருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் காய்ச்சுங்கள். மீந்தால் உடனே உறையவையுங்கள். ஏற்கெனவே அலமாரியில் இருப்பதைச் சுவைத்துப் பார்க்காமல், திறக்காமல் அப்புறப்படுத்துங்கள்.