ஆயில் பேனைக் கழற்ற ஏன் பாதி காரைப் பிரிக்க வேண்டியிருக்கிறது?

கோலாலம்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த உரையாடல் பழக்கமானதாக இருக்கும். செந்தூல் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணே, கீழே ஆயில் கசியுது, பேனைக் கழற்றி கேஸ்கெட் மாத்திடலாமா?" என்று கேட்பார்கள். பேன் என்பது இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி, கேஸ்கெட் அதன் விளிம்பை ஒழுகாமல் அடைக்கும் பட்டை. போமன், அதாவது மெக்கானிக், அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாத்தலாம் தம்பி. ஆனா ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாத்தையும் இறக்கணும்" என்பார். ஒரு கேஸ்கெட்டுக்கு இவ்வளவா என்று தோன்றும். ஆனால் போர்ஷே 944 மாதிரி காராக இருந்தால் அவர் சொல்வது முழு உண்மை. காரணம், அந்தக் காரை வடிவமைத்த விதத்திலேயே இருக்கிறது.

944, 1982 முதல் 1991 வரை தயாரான கார். முன்னால் நான்கு சிலிண்டர் இன்ஜின், பின்னால் கியர்பாக்ஸ். பானெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக இன்ஜினை நிமிர்த்தி வைக்காமல் 30 டிகிரி சாய்த்து வைத்தார்கள். தாழ்வான காரில் எடை தரைக்கு அருகே இருக்கும், வளைவில் கார் குறைவாகச் சாயும். ஆனால் இன்ஜினைக் கீழே இறக்க இறக்க, அதன் அடியில் இருக்கும் எல்லாம் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் ஓடுகிறது. இன்ஜின் மவுண்டுகள் உட்கார்ந்திருப்பது அதன்மேல். கீழ்க் கைகள் எனப்படும் சஸ்பென்ஷன் பாகங்களும் ஸ்டியரிங் ரேக்கும் அதில்தான் மாட்டியிருக்கின்றன. ஆயில் பேன் அந்தச் சட்டத்துக்கு மேலே அடைபட்டுக் கிடக்கிறது. சட்டத்தை எடுக்காமல் பேன் கீழே வராது.

சரி, பேனையே ஆழமில்லாமல் தட்டையாகச் செய்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காதே? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஆயில் பேன் என்பது ஐந்தரை, ஆறு லிட்டர் எண்ணெய் தேங்கி நிற்கும் வெறும் தொட்டி மட்டும் அல்ல. பேனின் அடியிலிருந்து பம்புக்கு எண்ணெய் கொண்டுபோகும் உறிஞ்சு குழாயின் வாய் எந்த நேரமும் எண்ணெயில் மூழ்கியே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை. ஓடுகிற காரில் பிளாஸ்டிக் கோப்பையில் தே தாரிக்கைப் பிடித்துக்கொண்டு வளைவில் திரும்பினால் அது ஒரு பக்கம் ஏறுமே, பேனுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 0.8 மடங்கு என்றால் எண்ணெயின் மேற்பரப்பு ஏறக்குறைய 39 டிகிரி சாயும். பேனின் அகலம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் மட்ட வித்தியாசம் 20 சென்டிமீட்டர் வந்துவிடும். தட்டையான பேனில் எண்ணெய் முழுவதும் ஒரு சுவரோரம் ஏறி, குழாயின் வாய் காற்றில் நிற்கும். அதைத் தடுக்கத்தான் பேனுக்குள் ஆழமான குழி, தடுப்புத் தகடுகள் எல்லாம்.

ஜாலான் ஈப்போ நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. செப்பாங் கார் பந்தயத் தளம் வேறு கதை. 1999-இல் திறந்த அந்தப் பாதையில் 5.543 கிலோமீட்டரில் 15 வளைவுகள். அதில் நீண்டு போகும் வேக வளைவுகள்தான் ஆபத்து. ஒரு நொடி சாய்ந்து திரும்பினால் எண்ணெய் மீண்டுவிடும், பல நொடிகள் சாய்ந்தே இருந்தால் மீளாது.

குழாய் காற்றை உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, பேரிங்கைப் பார்க்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்கும், அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் மட்டுமே. தலைமுடி ஒன்றின் தடிமனில் அது ஒரு சிறு பங்கு. பம்ப் கொடுக்கும் அழுத்தம்தான் தண்டைத் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியல்ல. சூடான இன்ஜின் வேகமெடுக்கும்போது 944-இன் எண்ணெய் அழுத்த மானியில் தெரிவது 4 பார் அளவுதான். பிஸ்டன் தள்ளும் விசையைத் தாங்க அது போதவே போதாது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இடுக்கில் இழுத்துக்கொண்டு போய், ஆப்பு போல ஒரு படலத்தை உருவாக்குகிறது. அந்த ஆப்புக்குள் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் வரை ஏறும். பம்பின் வேலை, அந்த இடுக்குக்கு ஓயாமல் எண்ணெய் கொண்டுவந்து சேர்ப்பது. எண்ணெயோடு காற்றும் சேர்ந்து வந்தால் ஆப்பு உடையும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. உலோகத்தோடு உலோகம் உரச எவ்வளவு நேரம் வேண்டும்?

944-இல் இப்படி எண்ணெய் இல்லாமல் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது இரண்டாம் சிலிண்டரின் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். உலகம் முழுக்க இந்தக் காரைப் பிரிக்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அதனால்தான் ஒழுகலுக்காக மட்டும் பேனை இறக்கி, புது கேஸ்கெட் போட்டு மூடிவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அவ்வளவு வேலையும் செய்து அந்த இடத்தைத் திறந்த பிறகு, பேரிங்கைப் பார்க்காமல் விடலாமா? பேரிங் ஓட்டின் மேற்பரப்பு மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. செம்பு நிறம் தெரிந்தால் மேலிருந்த மெல்லிய மென்உலோகப் பூச்சு தேய்ந்து அடுத்த அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். உறிஞ்சு குழாயில் விரிசல் இருக்கிறதா என்றும் கையோடு பார்க்க வேண்டும். அங்கே சிறு பிளவு இருந்தால், பேன் நிறைய எண்ணெய் இருந்தும் பம்புக்குக் காற்றுதான் போகும்.

கழற்றும் முறையில் மிக முக்கியமானது, இன்ஜினை மேலிருந்து தாங்குவது. வழக்கமாக அடியில் ஜாக் வைப்போம், இங்கே அடியில் இருப்பது கழற்ற வேண்டிய பேன், அதுவும் உடையக்கூடிய அலுமினியம். எனவே பானெட் இடைவெளியின் குறுக்கே ஒரு தாங்கு கம்பியைப் போட்டு, இன்ஜினின் தூக்கு வளையத்தில் சங்கிலி மாட்டித் தொங்கவிடுகிறார்கள். கார் உடல் உறுதியான ஸ்டாண்டுகளில் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. எண்ணெயை வடித்த பிறகு ஸ்டியரிங் தண்டின் இணைப்பு, கீழ்க் கைகள், மவுண்டுகள் என்று ஒவ்வொன்றாக விடுவித்தால் குறுக்குச் சட்டம் இறங்கும். ஸ்டியரிங் இணைப்பைப் பிரிக்கும் முன் அதன் நிலையைக் குறித்து வைப்பது நல்லது.

திரும்ப மாட்டும்போது கெடுவது பெரும்பாலும் அதிக முறுக்கில்தான். பேனைப் பிடித்திருப்பவை 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள், அவை இறங்குவது அலுமினிய மரைக்குள். 10 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்த வேண்டிய இடத்தில் பலத்தைக் காட்டினால் மரை பிய்ந்துவிடும், கேஸ்கெட்டும் நசுங்கிப் பிதுங்கும். ரப்பர் அடைப்பது அதன் மீள்தன்மையால், நசுங்கிப் போனதற்கு அது கிடையாது. வருடக்கணக்காக இன்ஜின் சூட்டில் வெந்து இறுகிப்போன பழைய கேஸ்கெட் ஒழுகுவதும் இதே காரணத்தால்தான். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பல சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று தனிக் குறியீடே உண்டு. அதை உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

அப்புறம், புது எண்ணெய் ஊற்றியதும் சாவியைத் திருப்பிக் கிளப்பிவிடாதீர்கள். குழாயும் வடிகட்டியும் இன்னும் காலி. இன்ஜின் கணினிக்கும் எரிபொருள் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் டிஎம்இ ரிலேயைக் கழற்றினால் எரிபொருளும் தீப்பொறியும் நின்றுவிடும், ஸ்டார்ட்டர் மட்டும் இன்ஜினைச் சுற்றும். மானியின் முள் எழும்பும் வரை, இடைவெளி விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். அதன் பிறகு ரிலேயை மாட்டிக் கிளப்பி, அடியில் ஒழுகல் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நேராக வீல் அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். ஸ்டியரிங் ரேக்கையும் கீழ்க் கைகளையும் இறக்கி ஏற்றியிருப்பதால் சக்கரக் கோணங்கள் பழையபடி இருக்காது.