லாகின், உள்நுழைவு, பொது உள்நுழைவு

பெங்களூரில் அரசுச் சேவை மையத்துக்குப் போனால் ஒரே வரிசையில் மூன்று மொழி கேட்கும். "லாகின் ஆகலைங்க" என்பார் அல்சூர்த் தமிழர். "ஓடிபி பந்தா?" என்பார் உள்ளே இருப்பவர். கன்னடத்தில் 'பந்தா' என்றால் வந்ததா என்று பொருள். நம் காதுக்குத்தான் அது வேறு மாதிரி விழும். எந்த மொழியில் பேசினாலும் 'லாகின்' மட்டும் மாறுவதில்லை.

அந்தச் சொல் கடலிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் மரக்கட்டை. பழைய மாலுமிகள் ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறதோ, அதுதான் கப்பலின் வேகம். புயல் செய்தியில் காற்றின் வேகத்தை 'நாட்' கணக்கில் சொல்கிறார்களே, அந்த நாட் இந்த முடிச்சுதான். கட்டை காட்டிய வேகத்தைக் குறித்துவைத்த ஏடு 'லாக் புக்' ஆனது. அப்புறம் கட்டை மறைந்துபோய், எந்தப் பதிவேட்டுக்கும் லாக் என்றே பெயர் நின்றுவிட்டது. 1960களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சிடிஎஸ்எஸ் அமைப்பு வந்தது. யார் வந்தார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. அங்கே லாகின், லாகவுட் இரண்டும் கட்டளைச் சொற்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்குப் 'புகுபதிகை', 'விடுபதிகை' என்று இருக்கின்றன. புகுவதும் பதிவதும் சேர்ந்த சொல், ஆகவே மூலப்பொருளுக்கு மிக நெருக்கம். ஆனால் பேச்சில் ஏறவில்லை. புதிதாகக் கேட்பவருக்குத் தேவாரப் பதிகம்தான் நினைவுக்கு வரும். 'உள்நுழைவு' பதிவேட்டை விட்டுவிட்டாலும் பார்த்தவுடன் புரிகிறது. என் ஓட்டு அதற்கே. 'உள்நுழைவு செய்யவும்' என்று மட்டும் எழுத வேண்டாம், 'உள்நுழையவும்' போதும்.

சிக்கல் இப்போது வந்திருக்கும் புது ஏற்பாட்டில்தான். பெங்களூர்வாசி ஒருவருக்குச் சான்றிதழ் என்றால் கர்நாடக அரசின் சேவா சிந்து தளம், பத்திரப் பதிவு என்றால் அதன் காவேரி தளம், பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு தளம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல். இந்தச் சுமையைக் குறைக்க மத்திய அரசு 2022 ஜூலையில் 'மேரி பெஹ்சான்' என்பதைத் தொடங்கியது. 'என் அடையாளம்' என்று அர்த்தம். டிஜிலாக்கர், இ-பிரமாண், ஜன் பரிச்சய் என்ற மூன்று அரசு அடையாளத் தளங்களில் ஒன்றில் கணக்கு இருந்தால், இதில் சேர்ந்த மற்றத் தளங்களுக்கும் அதை வைத்தே போகலாம். துறையின் தளம் உங்களை அந்த அடையாளத் தளத்துக்கு அனுப்பும். கடவுச்சொல்லை அங்கே கொடுப்பீர்கள். 'ஆள் இவர்தான்' என்ற உறுதி மட்டும் துறைக்குத் திரும்பிப் போகும். கடவுச்சொல் துறையின் கைக்கே போவதில்லை.

இதை 'ஒற்றை உள்நுழைவு' என்று பலர் எழுதுகிறார்கள். ஒற்றை என்றதும் ஒரே ஒரு முறைதான் நுழையலாம் போலிருக்கிறது, ஓடிபி என்ற ஒருமுறைக் கடவுச்சொல்லோடும் குழம்புகிறது. 'பொது உள்நுழைவு' என்றால் பல துறைக்கும் பொதுவானது என்பது தெளிவு. 2021 ஜூனில் வருமான வரித் தளம் மாறியபோதும் பயனர் பெயர் பழையபடி பான் எண்தான்; வீடு மாறியது, சாவி மாறவில்லை. பொது உள்நுழைவில் வீடு அதேதான், சாவிதான் வேறு. கணக்கும் உள்நுழைவும் வேறு வேறு என்பதால், புது வழியில் நுழைந்ததும் பழைய விண்ணப்பங்கள் கண்ணில் படாவிட்டால் அவை அழிந்துவிட்டன என்று பதறி இன்னொரு கணக்குத் தொடங்கக் கூடாது. பழைய கணக்கைப் புதியதோடு இணைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

'வெளியேறு' என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. துறையின் தளத்தில் வெளியேறினாலும் அடையாளத் தளத்தில் நீங்கள் உள்ளேயே இருக்கக்கூடும். சைபர் சென்டர் கணினி என்றால் இரண்டு இடத்திலும் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.