பாலம் இல்லாத இடத்தில் பயணத்தை எண்ணுவது எப்படி?

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. சவூதி நிதியுதவியில் கட்டிய 396 மீற்றர் பாலம். அதற்கு முன்னர் சனமும் வாகனமும் மிதப்புப் பாதை என்ற தட்டையான படகில் ஏறித்தான் கரை மாற வேண்டும். பாலம் வருவதற்கு முன்பு யாராவது துறையில் நின்று, பாதையில் ஏறியவர்களை ஒருவர் விடாமல் எண்ணினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலம் கட்டினால் எத்தனை பேர் கடப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த எண்ணிக்கை விடை தந்திருக்குமா? தந்திருக்காது. காத்திருக்க நேரமில்லாமல் கந்தளாய்ப் பக்கமாகச் சுற்றிப் போனவரும், திருகோணமலை நகரத்தில் வேலை கிடைத்தும் வேண்டாம் என்று விட்டவரும் துறைக்கே வருவதில்லையே.

வீதியில் நின்று எண்ணினால் வாகனம் தெரியும். அதில் போகிறவர் எங்கிருந்து வருகிறார், ஏன் போகிறார், வேறு வழி இருந்தால் என்ன செய்வார் என்பது தெரியாது. ஆகவேதான் போக்குவரத்துத் திட்டமிடுபவர்கள் வீடுகளின் கதவைத் தட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1940களில் தொடங்கிய பழக்கம் இது. 1950களில் டெட்ரொயிட், சிக்காகோ ஆய்வுகள் இந்தத் தரவைக் கணினிக்குள் கொண்டுபோயின. இலங்கையில் மேல் மாகாணத்துக்காக 2012க்கும் 2014க்கும் இடையில், ஜப்பானின் சர்வதேச உதவி நிறுவனமான ஜெய்க்காவின் உதவியோடு, பெரிய அளவில் இப்படி ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு நடந்தது.

கேள்வி என்னவோ எளிதுதான்: நேற்று எங்கெங்கே போனீர்கள்? பதில்தான் சிக்கல். பாலையூற்றில் ஒரு வீட்டு வாசலில் இந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"நான் ஒரு இடமும் போகேல்ல, தங்கச்சி. இவர்தான் கந்தோருக்குப் போனவர்."

"அப்ப பிள்ளையை ஆர் பள்ளிக்கூடத்தில விட்டது அம்மா?"

"அது நான்தான். அதையும் எழுதிறதே?"

எழுத வேண்டும். பள்ளிக்கூட வாசலில் இருந்து மரக்கறிக் கடை, கடையிலிருந்து வீடு, பின்னேரம் பிள்ளையோடு ரியூசன், திரும்ப வீடு. ஒரு இடமும் போகாதவர் ஐந்து பயணம் போயிருக்கிறார். கந்தோருக்குப் போன கணவர் போனது இரண்டே இரண்டு. கணக்கெடுப்பில் பங்கெடுத்தவர்களுக்கு ஜிபிஎஸ் கருவி கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்தன. பெரும்பாலும் இதே கதைதான்: குறுகிய பயணமும் நடைப் பயணமும் தாளில் இருந்து நழுவிவிடுகின்றன. வீட்டில் இல்லாதவருக்காக இன்னொருவர் பதில் சொன்னால் இன்னும் மோசம். தாளில் விழாத பயணத்துக்கு யாரும் நடைபாதை போடப் போவதில்லை. என்னைக் கேட்டால், போக்குவரத்துத் திட்டமிடலில் மிகப் பெரிய பிழை கணினியில் நடப்பதில்லை, இந்த வாசலில்தான் நடக்கிறது.

பயணம் என்றால் என்ன என்பதிலும் ஒரு கறார் வேண்டும். கிண்ணியாவிலிருந்து உவர்மலைக்குப் போகும் ஒருவர் வீதிவரை நடக்கிறார், பஸ்ஸில் நகரத்துக்கு வருகிறார், பஸ் நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடிக்கிறார். இது ஒரே பயணம், மூன்று கட்டம். மூன்றையும் மூன்று பயணமாக எழுதினால், பஸ் நிலையத்துக்கு வருவதே அவருடைய நோக்கம் என்று கணினி நம்பிவிடும்.

எந்த நாளைக் கேட்பது? பாடசாலை நடக்கும் ஒரு சாதாரண வாரநாள் என்பது உலக வழக்கம். திருகோணமலையில் அது மட்டும் போதாது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் பயணத்தின் போக்கே மாறிவிடும். மே முதல் செப்ரெம்பர் வரை நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும், சுற்றுலாப் பயணிகளால் வீதி அமைதியாக இருக்காது. மார்கழி மழையில் எடுத்த கணக்கை வைத்து ஆவணி மாதத்துக்குத் திட்டம் போட முடியாது. அப்புறம் மீனவர்கள். பல நாடுகளின் படிவங்களில் பயண நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும். நள்ளிரவு தாண்டித் துறைக்குப் போய், விடிந்தபின் கரையேறும் ஒருவரின் வேலைநாளை அது நடுவில் வெட்டி இரண்டு நாளில் போட்டுவிடும். இந்தக் கரையில் இது பெரிய விஷயம். படிவத்தை அப்படியே வெளியிலிருந்து இறக்குபவர்கள் கவனிப்பதில்லை.

எல்லா வீட்டையும் கேட்க முடியாது என்பதால் மாதிரி எடுப்பார்கள். கணக்குக்காக ஒரு கிராம சேவகர் பிரிவில் 800 வீடு என்று வையுங்கள். 40 வீட்டைக் கேட்டால், ஒவ்வொரு வீடும் 20 வீட்டுக்காகப் பேசுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஊருக்கு அப்படியே பொருந்தாது. பகலில் போனால் கதவு திறப்பது வயதானவர்களும் வீட்டுவேலை பார்ப்பவர்களும்தான். அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள் அகப்படமாட்டார்கள். அதனால் சனத்தொகைக் கணக்கெடுப்போடு வயது, ஆண் பெண், வீட்டு அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, குறைவாக வந்த வகையினரின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுப்பார்கள்.

அடுத்தது மாதிரியுரு, அதாவது இந்தத் தரவை வைத்துப் பயணங்களை முன்கூட்டிக் கணிக்கும் சூத்திரங்கள். ஊரை வலயங்களாகப் பிரித்து நான்கு கேள்வி கேட்பது பழைய முறை, இன்னும் புழக்கத்தில் உள்ளது. ஒரு வலயத்திலிருந்து எத்தனை பயணம் கிளம்பும்? எங்கே போகும்? எதில் போகும்? எந்த வீதியால் போகும்? முதலாவதற்கு வீட்டில் எத்தனை பேர், எத்தனை மோட்டார் சைக்கிள் என்பதே பெரும்பாலும் போதும். கடைசிக் கேள்விக்கு 1952இல் பிரித்தானிய ஆய்வாளர் வார்ட்ரொப் சொன்ன விதி கைகொடுக்கிறது: வேறு வீதிக்கு மாறினால் நேரம் மிச்சமாகும் என்ற நிலை எவருக்கும் இல்லாதுபோகும்வரை வண்டிகள் வீதிகளில் பரவும்.

நடுவில் உள்ள இரண்டும்தான் சுவையானவை. எங்கே போகும் என்பதற்கு ஈர்ப்பு மாதிரியுரு என்று ஒன்று உண்டு. இரு இடங்களும் பெரிதாக இருந்தால் இடையில் பயணம் கூடும், தூரம் கூடினால் குறையும். இங்கே தூரம் என்பதை வரைபடத்தில் அளக்கக் கூடாது. திருகோணமலை நகரத்திலிருந்து பார்த்தால் மூதூர் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கடல்வழியே நேரே போனால் கிட்ட. தரைவழியாக என்றால் குடாவைச் சுற்றி கிண்ணியாவால் வர வேண்டும். திருகோணமலை - மட்டக்களப்பு ஏ15 வீதியின் பாலங்கள் முடியும்வரை அந்தச் சுற்று இன்னும் பெரியதாக இருந்தது. அளக்க வேண்டியது நேரமும் செலவும். பாலம் ஒன்று வந்ததும் சூத்திரம் மாறுவதில்லை, அதில் போடும் நேரம் மாறுகிறது. வராத பயணங்கள் வெளியே வருவது அந்த வழியால்தான்.

எதில் போவார்கள் என்பதில் அமெரிக்கப் பொருளியலாளர் டானியல் மக்ஃபடனின் கணக்கு பெயர் பெற்றது. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பார்ட் ரயில் 1972இல் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதத்தினர் அதில் ஏறுவார்கள் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருக்கும் வழிகளை நேரம், செலவு பார்த்துத் தெரிவு செய்கிறார் என்று வைத்து மக்ஃபடன் சொன்னது 6.3. உண்மையில் ஏறியவர்கள் 6.2. தெரிவுகளை இப்படிக் கணக்கிடும் முறையை உருவாக்கியதற்காக அவருக்கு 2000இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு முடிவு, காத்திருக்கும் நேரம் ஓடும் நேரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரமாகத் தெரிகிறது என்பது. நிலாவெளி வீதியில் அரை மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றவருக்கு இதைச் சொல்ல நோபல் பரிசு தேவையில்லை என்பது வேறு விஷயம். ஆனால் புதிய பஸ் வாங்குவதா, இருக்கிற பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுவதா என்று வரும்போது இந்த எண் உதவும்.

சரி, கணக்குச் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? ஊருக்குக் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அதைக் கடக்கும் எல்லா வீதியிலும் வாகனத்தை எண்ணி, கணக்கெடுப்பு சொல்லும் எண்ணோடு ஒப்பிடுவார்கள். நீர் சூழ்ந்த மாவட்டத்தில் அந்தக் கோட்டை இயற்கையே கிழித்து வைத்திருக்கிறது. கிண்ணியா, இறக்கண்டி என்று பாலத்துக்குப் பாலம் ஆளை நிறுத்தினால் போதும்.

இருந்தாலும் சில பயணங்கள் எந்தச் சூத்திரத்துக்கும் வளையாது. கிண்ணியாவுக்கு அருகே குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது சனம் மிதப்புப் பாதையில் கடந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி அது கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். வழி கடினமானால் சந்தைக்குப் போவது தள்ளிப்போகும், உறவினர் வீடு தள்ளிப்போகும். பாடசாலைப் பயணம் தள்ளிப்போகாது, கிடைக்கிற வழியால் போய்விடும். பயணத்தின் நோக்கத்தைப் படிவத்தில் கேட்பது இதற்காகத்தான். ஒரு வீதியை மூடுவதற்கு முன்பே, யார் நிற்பார்கள், யார் எப்படியும் கடப்பார்கள் என்பதை அதிலிருந்து சொல்லலாம்.

காணி அபிவிருத்திக்கு வருவோம். வீதி நன்றானதும் அதன் இரு பக்கமும் உள்ள காணி பழையபடி இருக்காது. போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் சகாவி 1970களில் பல நகரங்களின் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, மக்கள் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் சராசரியில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது என்று காட்டினார். அந்த அளவில் பின்னர் நிறைய வாதம் நடந்தது, போக்கில் உண்மை உண்டு. வீதி வேகமானால் சனம் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை, தூரப் போய்க் குடியிருக்கிறது. நகரத்தில் காணி வாங்க முடியாதவர் சாம்பல்தீவில் பார்ப்பார், பிறகு நிலாவெளியில் பார்ப்பார். அகலமாக்கிய வீதி திரும்ப நிரம்பும். ஆகவே வீதிக்கு ஒரு கணக்கு, காணிக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டால் இரண்டும் பிழைக்கும்.

புதிய கட்டடம் ஒன்று எத்தனை பயணத்தை இழுக்கும் என்பதற்கு அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியியலாளர்களின் கையேடு ஒன்று உலகெங்கும் புரட்டப்படுகிறது. அதன் வீதங்கள் பெரும்பாலும் அந்நாட்டுப் புறநகரில், எல்லோரும் காரில் வரும் இடங்களில் எண்ணியவை. நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்கு விருந்தினர் குடும்பமாக ஒரே வானில் வந்து இறங்குவார்கள். பயணத்தைக் கூட்டுவது பணியாளர்கள்: சமையலறை, துப்புரவு, காவல், மூன்று வேலைநேர முறைக்கும் மூன்று தொகுதி. அமெரிக்க வீதத்தைப் போட்டால் விருந்தினர் காருக்கு அளவுக்கு மீறித் தரிப்பிடம் ஒதுக்கி, பணியாளர் இறங்கும் பஸ் தரிப்பை மறந்துவிடலாம். உள்ளூர் வீதம் வேண்டுமென்றால், ஏற்கெனவே நடக்கும் ஹோட்டல்களின் வாசலில் ஒரு நாள் முழுக்க நின்று உள்ளே போகிறவரையும் வெளியே வருகிறவரையும் எண்ண வேண்டும். கூடவே பணியாளரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், இரவு முறை முடிந்தால் எதில் திரும்புகிறீர்கள்? கடைசி பஸ்ஸின் நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டுமா என்பதற்கு அந்த இரண்டாவது பதில் போதும்.