திரைக்குள் இருப்பவருக்கு நம் கேள்வி எப்படிப் புரிகிறது?

"மியூசியத்தில் திரைக்குள் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நாம் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறாராமே, ஏஐ அடித்துவிடும் கதையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. அதில் ஒரு சொல்கூட இயந்திரத்தின் சொந்தச் சரக்கு கிடையாது.

அவர் சொல்லும் பெரியவர் பின்காஸ் குட்டர். போலந்து யூதர், சிறுவயதில் நாஜிகளின் மைதானெக் வதைமுகாமிலிருந்து பிழைத்தவர். இப்படிப் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைச் சேகரிக்கும், சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷோவா ஃபவுண்டேஷன் 2014-இல் அவரை நாள்கணக்கில் உட்காரவைத்து, ஆயிரத்துக்கும் அதிகமான கேள்விகளுக்குப் பதில் வாங்கிப் படம்பிடித்தது. சிகாகோவை அடுத்த ஸ்கோக்கியில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூத இனப்படுகொலை) மியூசியத்தில் 2017-இல் இப்படிப்பட்ட பதிவுகளோடு பேசும் வசதி வந்தது. நீங்கள் கேட்கும் கேள்வியைக் கணினி முதலில் எழுத்தாக்கும்; அது உங்கள் போனிலேயே நடப்பதுதான், அதை விடுங்கள்.

அழகு அடுத்த படியில். ஒரு பேச்சுக்கு, "சின்ன வயதில் எப்படிப் பொழுது போகும்?" என்று கேட்கிறீர்கள். பதிவில் இருப்பதோ, "தெருவில் பந்து உதைப்போம், இருட்டினால் அம்மா கூப்பிடுவாள்." இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை, சொல்லை வைத்துத் தேடினால் எதுவும் சிக்காது. இதை உருவாக்கிய ஆய்வாளர்கள் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கேள்வியை ஒரு மொழியாகவும் பதிலை வேறொரு மொழியாகவும் வைத்துக்கொண்டார்கள்! மனிதர்கள் ஜோடி சேர்த்துக் கொடுத்த கேள்வி-பதில்கள்தான் அகராதி. 'பொழுது', 'சின்ன வயது' என்று வந்தால் பதிலில் 'பந்து', 'தெரு', 'அம்மா' வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டு, அதற்கு நெருக்கமான பதிவை ஓட்டுகிறது கணினி.

எதுவுமே போதுமான அளவு நெருங்காவிட்டால்? கேள்வியை வேறு மாதிரி கேட்கச் சொல்லும் பதிவு ஓடும். அதையும் அவரேதான் பேசியிருக்கிறார். ஆவியோடு பேசவைக்கிறேன் என்று காசு பிடுங்குபவர்களிடம் இந்தப் பதில் மட்டும் வந்ததே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

பார்வையாளர்கள் கேட்கும் புதுப்புதுக் கேள்விகளை ஆள் உட்கார்ந்து சரியான பதிலோடு கோக்கக் கோக்கத்தான் அந்த அகராதி வளரும். ஆக, செலவு ஆளுக்கு. நம் ஆட்களோ திரைக்குக் கோடி ஒதுக்குவார்கள், ஆளுக்கு ஒதுக்கமாட்டார்கள். போன வருடம் ஒரு கண்காட்சியில் சுவர் உயரத் தொடுதிரை ஒன்றைப் பார்த்தேன். அதன் நடுவில் செல்லோடேப்பால் ஒட்டிய தாள்: 'தொடாதீர்கள்'.