எச்-ஸ்கிரீன் போட்ட பக்கத்தில் பட்டன் எங்கே?

டெயில்விண்டின் (வெப் பக்கத்தின் தோற்றத்தை ஆயத்த கிளாஸ் பெயர்களால் அமைக்கும் கருவி) உயரக் கிளாஸ்களால் வரும் சிக்கல்களில் போன வாரம் இன்னொன்று வந்தது. பணம் கட்டும் பக்கம். ஆபீஸ் லேப்டாப்பில் குறையே இல்லை. ஐபோனில் திறந்தால் தொகை தெரிகிறது, கார்டு விவரம் தெரிகிறது, 'பணம் செலுத்து' பட்டனை மட்டும் காணோம். பேமென்ட் கேட்வேயில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் லாக் தேடியிருக்கிறார்கள். கோடைத் திறந்ததும் நான் பயந்தது அப்படியே இருந்தது: வெளி டிவ்வில் (பக்கத்தின் பெட்டியில்) 'எச்-ஸ்கிரீன்' (உயரம் முழுத் திரை), பக்கம் முழுவதையும் தாங்கும் பாடியில் 'ஓவர்ஃப்ளோ-ஹிடன்' (வழிவதை மறை). பட்டன் இருந்தது, சஃபாரியின் கீழ் பாருக்குப் பின்னால். ஸ்க்ரோலையும் பூட்டிவிட்டதால் விரலால் மேலே இழுக்கவும் வழியில்லை. பணம் கட்ட வந்தவர் கட்டாமலே திரும்பிப் போயிருக்கிறார்.

டெயில்விண்டில் எச்-ஸ்கிரீன் என்பது 100 விஎச், அதாவது திரை உயரத்தில் 100 சதவீதம். இன்னொரு கருவியான பூட்ஸ்ட்ராப்பில் 'விஎச்-100' என்பதும் அதேதான். போன் பிரவுசர்கள் இந்த விஎச்சை அட்ரஸ் பார் சுருங்கிய நிலையை வைத்துக் கணக்கிடுகின்றன. பக்கம் திறக்கும்போது பார் விரிந்திருக்கும், அந்த அளவுக்கு அடிப்பகுதி மறைந்துபோகும். இதற்கான டிவிஎச் (பார் மாறும்போது கூடவே மாறும் உயரம்), எஸ்விஎச் (பார் விரிந்த நிலையின் உயரம்) அலகுகள் 2022-லேயே சஃபாரி 15.4-இலும் குரோம் 108-இலும் வந்துவிட்டன. டெயில்விண்டும் 2023 டிசம்பரில் 3.4 பதிப்பில் 'எச்-டிவிஎச்', 'மின்-எச்-டிவிஎச்' கிளாஸ்களைக் கொடுத்துவிட்டது. இன்னமும் பழைய டெம்ப்ளேட்டிலிருந்து எச்-ஸ்கிரீனை காப்பி அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதைவிட அதிகமாக என் நேரத்தைத் தின்பது 'எச்-ஃபுல்'. "அண்ணா, எச்-ஃபுல் போட்டும் டிவ் முழுசா வரல, டெயில்விண்ட் லோடு ஆகலையா?" மாதத்துக்கு இரண்டு முறையாவது யாராவது கேட்டுவிடுகிறார்கள். லோடு ஆகியிருக்கிறது தம்பி. எச்-ஃபுல் என்றால் முழுத் திரை என்று உங்களுக்கு யார் சொன்னது? அது 100 சதவீதம், அதுவும் பேரன்ட்டின் (அதைச் சுற்றியுள்ள வெளிப் பெட்டியின்) உயரத்தில் 100 சதவீதம். பேரன்ட்டுக்கு நீங்கள் உயரமே கொடுக்கவில்லை. உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் அது தன் உயரத்தை முடிவு செய்யும். உள்ளே இருப்பதோ பேரன்ட்டைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்கிறது. ஆளுக்கு ஆள் கையைக் காட்டினால் பிரவுசர் என்ன செய்யும்? சதவீதத்தைத் தள்ளிவிட்டு ஆட்டோ, அதாவது உள்ளடக்கம் எவ்வளவோ அவ்வளவு, என்று எடுத்துக்கொள்ளும்.

அகலத்துக்கான 'டபிள்யூ-ஃபுல்' மட்டும் எப்போதும் வேலை செய்கிறதே என்பார்கள். குழப்பத்தின் வேரே அதுதான். அகலம் மேலிருந்து கீழே இறங்குகிறது: திரை பாடிக்குக் கொடுக்கிறது, பாடி டிவ்வுக்குக் கொடுக்கிறது. உயரம் கீழிருந்து மேலே ஏறுகிறது: எழுத்தும் படமும் சேர்ந்து டிவ்வை உயர்த்துகின்றன, டிவ் பாடியை உயர்த்துகிறது. இரண்டும் ஒரே மாதிரி நடக்கும் என்று நினைத்தால் ராத்திரி முழுக்க எச்-ஃபுல்லை ஒவ்வொரு டிவ்வாக ஒட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அப்படிப் பதினோரு அடுக்குக்கு ஒட்டிய ஒரு பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாவது அடுக்கு கோடு லைப்ரரி தானாகப் போட்ட டிவ், அதில் உயரம் இல்லை. அவ்வளவும் வீண்.

பேரன்ட்டில் 'மின்-எச்-ஸ்கிரீன்' போட்டு உள்ளே எச்-ஃபுல் போடுவதும் பலிக்காது. குறைந்தபட்ச உயரம் கொடுத்தால் உயரம் கொடுத்ததாக ஆகாது. வெளியே 'ஃப்ளெக்ஸ் ஃப்ளெக்ஸ்-கால்' (உள்ளிருப்பதை மேலிருந்து கீழாக அடுக்கு), உள்ளே 'ஃப்ளெக்ஸ்-1' (மீதி இடத்தை எடுத்துக்கொள்) போடுங்கள், முடிந்தது. அந்த உள் பகுதி தனியாக ஸ்க்ரோல் ஆக வேண்டுமென்றால் வெளியே மின்-எச் போதாது, எச்-டிவிஎச் வேண்டும். உள் பகுதிக்கு 'மின்-எச்-0' (குறைந்தபட்ச உயரம் பூஜ்யம்), 'ஓவர்ஃப்ளோ-ஆட்டோ' (வழிந்தால் ஸ்க்ரோல்) இரண்டையும் சேருங்கள். இரண்டில் ஒன்றுகூட இல்லாவிட்டால் அது தன் உள்ளடக்கத்துக்குக் கீழே சுருங்க மறுத்துப் பக்கத்தையே நீட்டிவிடும்.

அடுத்தது பட்டன்கள். 'எச்-12' என்றால் 12 பிக்சல் அல்ல, 3 ரெம் (பிரவுசரின் அடிப்படை எழுத்தளவைப் போல 3 மடங்கு), வழக்கமான அமைப்பில் 48 பிக்சல். டிசைனர் ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் ஆங்கிலத்தில் வரைகிறார். 'பே நவ்', ஆறே எழுத்து, 48 பிக்சலில் கச்சிதம். அதையே தமிழில் 'இப்போதே பணம் செலுத்தவும்' என்று மாற்றியதும் 360 பிக்சல் போனில் பாதி அகலப் பட்டனில் இரண்டு வரியாகிறது. உயரம் ஆணியடித்த மாதிரி நிற்பதால் எழுத்து வெளியே வழிகிறது. அதற்கு வைத்தியம் என்று ஓவர்ஃப்ளோ-ஹிடன் போட்டு, கூடவே 'லீடிங்-நன்' (வரி உயரம் எழுத்தளவேதான்) வைத்தால் ழு, ரு, கூ எல்லாம் காலை இழக்கும், டி, கீ தலையை இழக்கும். நம் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும் என்பதை நாமே மறந்தால் வேறு யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

எழுத்து இருக்கும் எந்தப் பெட்டிக்கும் உயரம் கொடுக்காதீர்கள். 'மின்-எச்-12', 'பிஒய்-3' (மேலும் கீழும் உள் இடைவெளி) கொடுங்கள், அது தேவைக்கு வளரட்டும். நிலையான உயரம் ஐகானுக்கும் அவதார் படத்துக்கும் போதும். 'எச்-[48பிக்சல்]' என்று அடைப்புக்குள் எழுதுவதை அறவே விடுங்கள். கண் பார்வை குறைந்து பிரவுசரில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு ரெம் கூடவே வளரும், பிக்சல் வளராது. எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் எதுவும் தொலையக்கூடாது என்பது வெப் அணுகல் வழிகாட்டுதலின் ஏஏ நிலை விதி. நம் பெற்றோர் வயதில் இருப்பவர்கள்தான் அப்படிப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மாறியை ஒட்டி 'எச்-' கிளாஸ் பெயரை உருவாக்கினால் வராது. டெயில்விண்ட் உங்கள் கோப்புகளை வெறும் எழுத்தாகத்தான் படிக்கிறது, முழுப் பெயர் கண்ணில் படாத கிளாஸுக்கு சிஎஸ்எஸ் (தோற்ற விதி) எழுதாது. மாறும் உயரத்துக்கு ஸ்டைல் ஆட்ரிபியூட் போடுங்கள்.

குரோமின் டிவைஸ் மோடில் (கணினியிலேயே போன் திரை போலக் காட்டும் வசதியில்) பார்த்துவிட்டு 'மொபைல் செக் பண்ணியாச்சு' என்று எழுதாதீர்கள். அங்கே அட்ரஸ் பார் சுருங்குவதும் இல்லை, விரிவதும் இல்லை. கையில் போனை எடுங்கள், தமிழுக்கு மாற்றுங்கள், எழுத்தளவைப் பெரிதாக்குங்கள், கடைசி பட்டன் வரை விரலால் போய் அழுத்திப் பாருங்கள். அந்தப் பணம் கட்டும் பக்கத்தில் நான் எச்-ஸ்கிரீனை மின்-எச்-டிவிஎச் ஆக்கி, பாடியிலிருந்து ஓவர்ஃப்ளோ-ஹிடனை எடுத்தேன். மாறியது இரண்டே வரி.