கார் ஏசி பைப்பில் கசிவு: வீட்டில் எதுவரை கை வைக்கலாம்?

கத்திரி வெயில் தொடங்கிய வாரம், எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏசி வேலை செய்யவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால், கண்டன்சருக்கு (கேஸின் சூட்டை வெளியே தள்ளும், ரேடியேட்டர் மாதிரியான பாகம்) போகும் அலுமினியப் பைப்பில் கொழுக்கட்டை அளவுக்கு எபாக்ஸி பசை. அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி, ரெண்டு கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்.

"மொட்டைமாடி டாங்க் பைப்புக்கு இதேதான் போட்டேன் தம்பி. நாலு வருஷமா ஒரு சொட்டு ஒழுகல."

மாடி டாங்கில் பத்தடி உயரத்துத் தண்ணீர் தரும் அழுத்தம் 4 பிஎஸ்ஐ-யை (டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அதே அளவு) கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கார் டயரில் 33 வாக்கில் அடிக்கிறோம். வெயிலில் ஏசி ஓடும்போது கண்டன்சர் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை நிற்கும். வண்டியை அணைத்து நிழலில் போட்டால்கூட, 30 டிகிரி வெப்பத்தில், கேஸ் முழுதாக இருக்கும் பைப்புக்குள் 95-ஐத் தாண்டும். போதாததற்கு, உள்ளே கேஸோடு, கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரின் ஆயிலும் சேர்ந்து ஓடுகிறது. ஓட்டை வழியே கசியும் அந்த ஆயில் பசைக்கு அடியில் படலமாகப் படிந்துவிடும். அப்புறம் பசை எங்கே பிடிக்கும்?

பசையோடு நிறுத்தியிருந்தால் பைப் செலவோடு போயிருக்கும். கேஸ் குறைந்ததும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாமல் நிறுத்தியிருக்கிறது. அண்ணன் வயரிங் தெரிந்தவர் ஆயிற்றே, சுவிட்சில் ரெண்டு வயரையும் சேர்த்து நேரடியாக இணைத்துவிட்டார். கேஸோடு ஆயிலும் வெளியேறிய கம்ப்ரஸர், வறண்டே ஓடி ஜாம் ஆகிவிட்டது. பைப் விலையைப்போலப் பல மடங்கு செலவு.

வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடியது, கசிவு எங்கே என்று தேடுவது. கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆயில் காட்டிக்கொடுக்கும். பைப் மூட்டுகள், கண்டன்சரின் முன்பக்கம், ரப்பர் ஹோஸும் அலுமினியமும் சேரும் இடம், பைப் பிராக்கெட்டில் உரசும் இடம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக, புழுதி அப்பிய கறை தெரிந்தால் அங்கே சந்தேகப்படலாம். எஞ்சின் ஆறியதும், அணைத்த நிலையிலேயே, சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கேஸ் ஏற்றும் ரெண்டு சர்வீஸ் போர்ட்டுகளின் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கூலிங் காயிலில் வியர்த்த நீர், சொட்டத்தான் வேண்டும். வெளியே சொட்டாமல் முன் சீட்டுக் கால்மிதி நனைந்தால், டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது.

கண்டுபிடித்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். நம்மூர்க் கார்களில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ கேஸ், காற்றுக்கு வந்தால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். மூட்டைத் தளர்த்தும்போது பீய்ச்சி அடித்தால் விரல் உறைந்து கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கேஸ் இருக்கும் பைப்பில் தீக்கொழுந்து காட்டி ஓட்டையை உருக்கி அடைப்பது அதைவிட மோசம். சூட்டில் இந்தக் கேஸ் சிதைந்து நச்சுப் புகையாகிவிடும். புதிய மாடல்கள் சிலவற்றில் இருக்கும் ஆர்-1234ஒய்எஃப் கேஸ் தீப்பற்றவும் கூடியது. பைப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, ஆர்கான் வெல்டிங் வைப்பது வேறு விஷயம். அதுகூட அடிபட்ட ஓட்டைக்குத்தான். அரித்துப்போன பைப்பை மாற்றிவிடுவதே மேல்.

கசிவை அடைக்கும் என்று டப்பாவில் விற்கும் திரவத்தை நான் தொடுவதில்லை. ஈரம் பட்டால் இறுகும் வகை, உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்திலும் இறுகி, கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத கேஸையும் தொடுவதில்லை. 2011-இல் வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றிய கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரியும். உங்கள் கார் ஏசி பைப்பும் அலுமினியம்தான்.

சரி, ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்? பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் இழுக்கச் சொல்லுங்கள். அரை கிலோ வெளியே போனால் சுமார் 700 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். மூட்டில் போடும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஏசிக்கு உரியதா என்று பாருங்கள், குழாய்க்கடை ரப்பர் அந்த ஆயிலில் உப்பிவிடும். கசிவு நின்றதா என்று நைட்ரஜன் அடித்துச் சோதிக்க வேண்டும், அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடைக்குக் கேஸ் ஏற்ற வேண்டும். ஏசி மூடிய சுற்று, கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகாது. வருஷா வருஷம் ஏற்றச் சொன்னால், எங்கே கசிகிறது என்று கேளுங்கள்.

அந்த அண்ணன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். மருமகன் வண்டி. மூடி தொலைந்த சர்வீஸ் போர்ட்டில் சோப்பு நுரை மெல்ல மெல்லக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. "கையே வைக்கல தம்பி, அப்படியே கொண்டுவர்றேன்" என்றார். வால்வு ஊசியை மாற்றி, ரெண்டு மூடியும் போட்டு, கேஸ் ஏற்றி அனுப்பினேன்.